கடுகுக்கு முன்னும் பின்னும்

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு சரஸ்வதி பூஜை. புரட்டாசியில் நம் ஊர் வழக்கப்படி ஒன்று, தை மாசிவாக்கில் வங்காளிகள் வழக்கப்படி இன்னொன்று. இரண்டு நாளும் புஸ்தகத்தைத் தொடக்கூடாது, எழுதக்கூடாது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். வருஷம் முழுக்கத் தொடாமல் இருந்தாலும் சரஸ்வதிக்கு அது தெரியப் போவதில்லை. ஆனால் என் அகத்துக்காரர் காலேஜில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். (இனிமேல் ‘இவர்’ என்று எழுதினால் அவர்தான். பேரைச் சொல்லிப் பழக்கமில்லை; இந்த வயசில் புதிதாக ஆரம்பிக்கவும் உத்தேசமில்லை.) அந்த இரண்டாவது சரஸ்வதியைக் கொண்டு இவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவள் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. கூச்சத்தில் செய்தேன்.

நேரில் கேட்டால் இதைச் சொல்ல மாட்டேன். நாலு பேர் வந்து உட்கார்ந்தால் இப்போதும் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுகிறவள் நான். காகிதம் திரும்ப என்னைப் பார்ப்பதில்லை, அதனால் அதனிடம் கொஞ்சம் வாய் நீளும்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயசு. கல்கத்தாவில் டிராம் வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு மின்சாரத்தைப் பூட்டிய புதிது. பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, மாடிப்படி அடியில் எங்களுக்கென்றே ஒரு குழாய். திருகினால் தண்ணீர் வரும், மாமியார் வரமாட்டார். கும்பகோணத்தில் கிணற்றடியில் தண்ணீர் இறைத்தாலே, “யாருக்கு இத்தனை தண்ணி?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த வீட்டில் பதினாலு பேர். சாப்பிட்டாயா என்று கேட்க ஒருத்தர் இல்லை, என்ன சாப்பிட்டாய் என்று கேட்க ஆறு பேர்.

இவர் வேலை நிரந்தரம் ஆகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காலேஜின் பெரிய துரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சரஸ்வதி பூஜை லீவு முடிந்த மறுநாள் காலேஜ் சபையில் இவர் போட்டுக்கொண்டிருந்த கணக்கை எழுந்து சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் நிரந்தரத்துக்கு எழுதுவார். தப்பாக இருந்தால் கும்பகோணம்தான். அங்கே தாலுகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா இடத்தை மாமனார் பேசி வைத்துவிட்டார். ஆகவே அந்தக் கணக்கு ஜெயித்தாக வேண்டும். இவருக்கு விஞ்ஞானம் வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் குழாய் வேண்டியிருந்தது.

கணக்கு என்னவென்று எனக்குத் தெரியும். ஐம்பது வருஷம் ஒரே பல்லவியைக் கேட்டால் அம்மிக்குழவிக்குக்கூட மனப்பாடம் ஆகும். மின்சாரம் ஏறிய ஒரு பொட்டு. இவர் அதை சார்ஜ் என்பார். நான் கடுகு என்று வைத்துக்கொண்டேன்; பிறகு வீட்டில் எல்லோர் வாயிலும் அதுவே பேராயிற்று. கடுகு சும்மா கிடந்தால் தொல்லையில்லை. அதன் வலு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால் பங்கு தெரியும். கடுகு ஓட ஆரம்பித்தால்தான் வம்பு. ‘கடுகு இங்கே இருக்கிறது’ என்கிற சேதி வெளிச்சத்தின் வேகத்தில்தான் வரும், அதற்குமேல் அதற்கு வக்கில்லை. சேதி நம்மிடம் வந்து சேருவதற்குள் கடுகு வேறெங்கோ போய்விட்டிருக்கும். அந்தப் பழஞ்சேதியை வைத்துக்கொண்டு, இப்போது இங்கே நிற்பவனுக்கு மின்சார வலு எவ்வளவு, ஓட்டத்தால் பிறக்கும் காந்த வலு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதற்கு இவர் மூன்று நோட்டுப் புஸ்தகம் எழுதியிருந்தார்.

எழுதியும் உதைத்தது. கடுகு ஒரே சீராக, நேராக ஓடினால், அதற்கு ஒரு முழம் முன்னால் நிற்பவனுக்கும் ஒரு முழம் பின்னால் நிற்பவனுக்கும் ஒரே அளவுதான் கிடைக்க வேண்டும். இதை முன்பே வேறு வழியில் பெரியவர்கள் கண்டு சொல்லிவிட்டார்களாம். இவர் கணக்கில் முன்னால் நிற்பவனுக்குக் குறைச்சல், பின்னால் நிற்பவனுக்கு அதிகம். காரணமும் இவருக்குத் தெரியும். முன்னால் நிற்பவனுக்கு வருவது கடுகு வெகு பின்னால் இருந்தபோது கிளம்பிய சேதி. தூரத்துச் சேதி, அதனால் இளைத்துப் போய் வருகிறது. காரணம் தெரிந்து என்ன? விடை தப்பு. சாதத்தைப் பிசைந்துகொண்டே, “முன்னாடிக்குக் குறையறது, முன்னாடிக்குக் குறையறது” என்று முணுமுணுப்பார். பந்தி வஞ்சனை பண்ணுகிற கடுகு என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொரு கரண்டி ரசம் விடுவேன்.

இந்த அழகில் மாமனார் வந்து இறங்கினார். எங்களை மூட்டை கட்டி அழைத்துப் போகத்தான் வந்தார். ஆனால் வழியில் உள்ள சாமிகளை விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. சென்னப்பட்டணத்தில் ஏறி, பெஜவாடாவில் இறங்கி, ராஜமுந்திரியில் கோதாவரி ஸ்நானம், வால்டேரில் சிம்மாசலம், பூரியில் ஜகந்நாதர் என்று ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். கிளம்பும்போது சபதம் போட்டிருந்தார்: கல்கத்தாவுக்குப் பிள்ளைக்குத் தினம் ஒரு கார்டு, கும்பகோணத்துக்குப் பெண்டாட்டிக்குத் தினம் ஒரு கார்டு. எங்களுக்கு வந்த கார்டுகளை நான் கம்பியில் குத்தி வைத்தேன். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான்: இன்ன ஊர் சேர்ந்தேன், சாப்பாடு சரியில்லை, மலம் இறங்கவில்லை.

கடைசியில் மெயில் வண்டி பிடித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். இவர் ஹவுராவுக்குப் போய்க் காத்திருந்து, மிதவைப் பாலத்தின் மேல் குதிரை வண்டியில் அழைத்து வந்தார். படியேறும்போதே மாமனார் சத்தம்.

“ஆயிரம் மைல் ஓடி வந்த வண்டிடா! ஹவுராவுக்கு முன்னாடி சாந்த்ராகாச்சில நிறுத்திப்டான். அஞ்சு மைலுக்கு மூணு மணி நேரம்! என்னடா அங்கே, வண்டிக்குப் பிரசவமா?”

மத்தியானம் அவர் இலையில் உட்கார்ந்திருந்தபோது தபால்காரன் ஒரு கார்டு கொண்டு வந்தான். ‘நாளைக் காலை வந்து சேர்கிறேன்’ என்று மாமனார் முதல் நாள் குர்தா ரோடு ஸ்டேஷனில் போட்டது. அவர் வந்த வண்டியிலேயே அவருக்குப் பின் பெட்டியில் அதுவும் வந்திருக்கிறது. மாமனார் அதைத் தானே வாங்கிப் படித்துவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றார்.

பத்து நாள் அவர் இவரை ஆராய்ச்சி பண்ணினார். “கடுகு எங்கே போறது எங்கே வரதுன்னு பாக்கறதுக்காடா உன்னை எம்.ஏ. படிக்க வெச்சேன்? அதைத் தாளிக்கற கரண்டி பாத்துக்காதோ?” என்பார். இவர் பதில் பேச மாட்டார். நானோ பேசவே முடியாது. மாமனாரிடம் நாட்டுப்பெண் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அப்போது இல்லை. நான் சொல்ல வேண்டியதை அம்மிக்கல்லைப் பார்த்துச் சொல்வேன். அம்மிக்கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது போல அவர் பதில் சொல்வார்.

பூஜை நாள் வந்தது. அன்றைக்கு ஒரு நாள்தான் இவருக்கு மிச்சம். காலேஜ் லீவு, முழு நாளும் உட்கார்ந்து தப்பைப் பிடித்துவிடுவதாகத் திட்டம். காலையில் இவர் குழாயடியில் குளிக்கப் போயிருந்தார். மாமனார் ஜபத்தில் இருந்தார். அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரி மேலே வந்தாள். பெரிய சரீரம், வாய் கொள்ளாத வெற்றிலை. நான் அவளை மாஷிமா என்று கூப்பிடுவேன், சித்தி மாதிரி. அவள் என்னை பௌமா என்பாள், மருமகளே என்று அர்த்தம். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்று, புஸ்தக அலமாரியைக் காட்டி, கையை ஆட்டி, கீழே காட்டி, மேலே காட்டி, வங்காளியில் நீளமாக என்னவோ கேட்டாள். எனக்குத் தெரிந்த வங்காளி ஒரே வார்த்தை. ‘ஹ்யா.’ ஆமாம் என்று அர்த்தம். இல்லை என்பதற்கும் ஒரு வார்த்தை இருக்கத்தான் இருக்கும். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு எந்தப் பாஷையிலும் கிடையாது.

“ஹ்யா” என்றேன்.

அவள் சந்தோஷமாக அலமாரியையே வழித்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நோட்டு, இங்கிலீஷ் புஸ்தகங்கள், வெள்ளைக் காகிதக் கட்டு, பேனா, பென்சில், மைக்கூடு எல்லாம். நானும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி இறங்கிக் கொடுத்தேன்.

இவர் ஈரத்துண்டோடு வந்து அலமாரியைப் பார்த்தார். “துடைச்சியா?” என்றார் பிரியமாக. பிறகு, “எங்கே?” என்றார்.

நான் தரையைக் காட்டினேன். கீழ்வீட்டை என்று புரிந்துகொண்டார். அப்படியே ஓடினார். திரும்பி வரும்போது நடந்து வந்தார். புஸ்தகமெல்லாம் சரஸ்வதி காலடியில் அடுக்கியாகிவிட்டதாம், மேலே பூவும் வைத்தாகிவிட்டதாம். மைக்கூட்டை மாஷிமா கவிழ்த்து, கழுவி, பால் ஊற்றி வைத்திருக்கிறாள். அதுதான் அங்கே சம்பிரதாயம். நாளைக் காலையில் தயிரும் பொரியும் நைவேத்தியம் ஆன பிறகுதான் எடுக்கலாம். இன்று தொட்டால் படித்ததெல்லாம் போய்விடும் என்று சொல்லிவிட்டாளாம்.

“போகட்டுமே. படிச்சதுல பாதி தப்பாத்தானே இருக்கு” என்றார் இவர், என்னைப் பார்க்காமல். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் அழுதாவது தொலைத்திருப்பேன்.

முதல் நாள் வரையில் மாமனார், “தை மாசத்துல என்னடா சரஸ்வதி? மீன் திங்கறவா சரஸ்வதி” என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நோட்டு போன சேதி காதில் விழுந்ததும் ஜபத்தை முடித்துவிட்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

“சரஸ்வதின்னா சரஸ்வதிதாண்டா. வீணை இருக்கோல்லியோ? அன்னம் இருக்கோல்லியோ? அப்புறம் என்ன? தொடப்படாது.”

“அப்பா, நாளைக்கு சபையில—”

“எழுதவும் படாது. பேசாம உக்காரு.”

அவர் பக்தி அன்று காலை எட்டரை மணிக்குப் பிறந்தது. கதவுக்குப் பின்னால் நின்றபடி நான் கும்பகோணத்துக் கிணற்றடியை நினைத்துக்கொண்டேன். வழுக்குகிற அந்த மூன்றாவது கல்கூட ஞாபகம் வந்தது.

மத்தியானம் மாஷிமா கிச்சடிப் பிரசாதமும் ஒரு தட்டு இலந்தைப் பழமும் அனுப்பினாள். வங்காளிகள் சரஸ்வதிக்குப் படைக்காமல் இலந்தைப் பழத்தைத் தொட மாட்டார்கள். கிச்சடி வேறு வீட்டில் சமைத்தது, ஆகாது என்று மாமனார் ஒதுக்கினார். பழத்துக்குத் தீட்டு கிடையாது என்று தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கொட்டையைத் துப்பித் துப்பிப் பொழுது போகாத மாமனார் கேட்டார்:

“அப்படி என்னதாண்டா அந்தக் கணக்கு? வாயால சொல்லு. வாய்க்கு இன்னிக்கு லீவு இல்லை.”

இவர் ஒரு இலந்தைக் கொட்டையை எடுத்துத் தரையில் உருட்டினார். கடுகு அன்றைக்குக் கொட்டையாகப் பெருத்தது. சேதி தாமதமாக வருவதைச் சொன்னார்.

“தபால் மாதிரிங்கறே. அதுல என்ன கஷ்டம்?”

“முன்னாடி நிக்கறவனுக்குக் குறைச்சலா வரதுப்பா. ரெண்டு பக்கமும் சமமா வரணும்.”

“எழுதறவன் ஒழுங்கா எழுதினா சமமா வரும். நான் எழுதலே? தினம் ஒண்ணு.”

இவருக்கு அன்றைக்கு எரிச்சல். இல்லாவிட்டால் இதைச் சொல்லியிருக்க மாட்டார். “தினம் ஒண்ணா? எங்களுக்கு தினம் ரெண்டுன்னா வந்தது. ரெண்டு நாளைக்கு ஒருதரம் உக்காந்து ரெண்டு ரெண்டா எழுதிப் போட்டிருப்பேள்.”

பழத்தட்டு மடியிலிருந்து இறங்கியது.

“என்னடா சொன்னே? நான் பொய் எழுதறேனா? காலம்பற சந்தி பண்ணிட்டு, தினம், தினம் எழுதினேன்! கொண்டா அந்தக் கம்பியை!”

“இன்னிக்குப் படிக்கப்படாதுன்னேளே?”

“முத்திரையைப் பாக்கறது படிக்கறதுல சேத்தியில்லை. கொண்டாடா!”

இவர் கம்பியிலிருந்து கார்டுகளை உருவினார். அந்த நாளில் ஒவ்வொரு கார்டிலும் இரண்டு முத்திரை இருக்கும், போட்ட ஊரில் ஒன்று, வந்து சேர்ந்த ஊரில் ஒன்று. பாதிக்குப் பாதி மை அப்பிக் கிடக்கும். அப்பாவும் பிள்ளையும் ஜன்னலுக்கு நேரே பிடித்து, சாய்த்து, முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார்கள். எட்டை மூன்று என்றார் ஒருவர், ஆறு என்றார் இன்னொருவர். எம்.ஏ. படித்த கண்ணும் கச்சேரியில் முப்பது வருஷம் தேய்ந்த கண்ணும் தோற்றன.

“அவளைக் கூப்பிடு. அவப்பன் போஸ்டு மாஸ்டர்தானே” என்றார் மாமனார்.

என் அப்பா சின்ன ஊர்ப் போஸ்டு மாஸ்டர். என்னை நாலாவதுக்கு மேல் படிக்க அனுப்பவில்லையே தவிர, முத்திரைக் கட்டையை என் கையில் கொடுத்து மையில் ஒற்றிக் குத்தச் சொல்வார். நான் பேச்சுக் கற்பதற்குப் பதிலாகக் குத்தக் கற்றேன். எந்தக் கறுப்புக்குள் எந்த எண் இருக்கிறது என்று தடவியே சொல்வேன். கார்டுகளை வாங்கிக்கொண்டு போய் அம்மிக்கல் அருகில் உட்கார்ந்து அதற்குச் சொன்னேன்:

“எட்டாந்தேதி போட்டது, பன்னெண்டாந்தேதி வந்தது. ஒம்பதாந்தேதி போட்டதும் பன்னெண்டாந்தேதிதான் வந்தது. பத்தும் பதினொண்ணும் போட்டது ரெண்டும் பதிமூணாந்தேதி. பன்னெண்டும் பதிமூணும் போட்டது ரெண்டும் பதினாலாந்தேதி.”

“கேட்டியா!” என்று மாமனார் தொடையைத் தட்டினார். “எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. தினம் ஒண்ணு! மன்னிப்புக் கேளுடா!”

இவர் கேட்கவில்லை. அம்மிக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆறு நாளா எழுதினேள். மூணு நாள்ல வந்து சேந்துடுத்து.”

“அதுக்கு நான் என்னடா பண்ணுவேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணலைப்பா. எங்களைப் பாக்க வந்துண்டே இருந்தேள், அதான். ஒவ்வொரு கார்டும் முந்தினதைவிடக் கிட்டத்திலேர்ந்து கிளம்பித்து. அதனால நெருக்கி நெருக்கி வந்துடுத்து.” பிறகு தலையில் அடித்துக்கொண்டார். “நான் புறப்பட்ட முத்திரையை மட்டும் வெச்சுண்டு கணக்குப் போட்டிருக்கேன். வந்த முத்திரையைப் பாக்கவேயில்லை!”

அப்போதுதான் கம்பியின் அடியில் குத்தியிருந்த இன்னொரு கார்டு மாமனார் கையில் சிக்கியது. அது மாமியார் அடுத்த வீட்டுப் பெண்ணை விட்டு இவருக்கு எழுதச் சொன்னது. அப்பா கண்ணில் படக்கூடாது என்று இவர் ஒளித்து வைத்திருந்தார். முத்திரையைப் பார்ப்பதோடு மாமனார் நிறுத்தவில்லை; உரக்கவே படித்தார்.

“‘தினம் ஒன்று எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷர், எனக்கு மூன்று நாளைக்கு இரண்டுதான் எழுதுகிறார். பிள்ளைக்கு எப்படியோ தெரியவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு மூன்று நாளைக்கு இரண்டு.’” கார்டைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தார். “சத்தியமா அவளுக்கும் தினம் எழுதினேண்டா. ரெண்டு கார்டையும் ஒரே பெட்டியில போடுவேன்.”

“எழுதியிருப்பேள்” என்றார் இவர். முகமெல்லாம் பல். “அம்மா உங்களுக்குப் பின்னாடி இருந்தா. நீங்க தள்ளிப் போகப் போக கார்டு விட்டு விட்டுத்தான் போய்ச் சேரும். முன்னாடி நெருக்கம், பின்னாடி இடைவெளி. ரெண்டும் உங்க தப்பில்லை.”

மாமனார் நிமிர்ந்தார். அவர் ஜென்மத்தில் பௌதிகம் அவருக்கு முதல் தடவையாக உபயோகப்பட்டது.

“இது நிச்சயமா? கணக்குல வருமா?”

“வரும்னு நினைக்கறேன்.”

“நினைக்காதே, போட்டுக் காட்டு. உங்கம்மாவுக்குத் தெளிவா எழுதி அனுப்பணும்.”

“இன்னிக்கு எழுதப்படாதே. நோட்டும் கீழே.”

மாமனார் யோசித்தார். கச்சேரியில் முப்பது வருஷம் சட்டத்துக்குச் சந்து கண்டுபிடித்த மூளை. அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து இவர் கையில் கொடுத்தார்.

“தரையில போடு. தரையில போட்டா எழுத்தில்லை, கோலம். கோலத்துக்கு சரஸ்வதி ஆட்சேபம் பண்ண மாட்டா. நான் சொல்லிக்கறேன்.”

ஆக, கல்கத்தாவிலேயே பெரிய கோலம் அன்று எங்கள் சமையலறையில் விழுந்தது. இவர் முட்டி போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து போட்டார். மாமனார் கரித்துண்டு எடுத்துக் கொடுத்தார். கடுகின் வேகத்தை வெளிச்சத்தின் வேகத்தால் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழித்து, வந்ததைக் கீழே போட்டு வகுக்க வேண்டும். அந்தக் ‘கீழே’தான் இவர் விட்டிருந்தது. முன்னால் நிற்பவனுக்குத் தூரத்தால் எவ்வளவு இளைக்கிறதோ, நெருக்கத்தால் அவ்வளவும் ஊறிவிடுகிறது. பின்னால் நிற்பவனுக்கு, கிட்டத்துச் சேதியால் கூடியது இடைவெளியால் கழிந்துவிடுகிறது. முன்னும் சரி, பின்னும் சரி, ஒரே அளவு. பக்கவாட்டில் நிற்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாக வந்தது. அதுவும் பெரியவர்கள் சொன்னபடியேதானாம். மாறுகிற வீதம் எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் அந்தக் கீழெண் மறுபடி மறுபடி முளைத்து, கடைசியில் மூன்று தடவை பெருக்கி அடுப்பு ஓரமாக நின்றது.

“கடுகு சேதியோட சரிசமமா ஓடினா?” என்றார் மாமனார். “நான் மெயில்ல வந்தேனே, கார்டும் நானும் ஒண்ணா.”

“கீழே பூஜ்யம் ஆயிடும்பா. கணக்கு வெடிச்சுடும்.”

“அதான் சாந்த்ராகாச்சில நிறுத்திட்டான்” என்றார் மாமனார்.

விடை இரண்டு துண்டாக வந்தது. ஒன்று, கடுகு சீராக ஓடினாலும் இருப்பது. கொஞ்ச தூரத்தில் மங்கிவிடும். இன்னொன்று, கடுகின் ஓட்டம் மாறினாலோ, அது தடுக்கித் திரும்பினாலோ மட்டும் பிறப்பது; அது அத்தனை சீக்கிரம் மங்காது, வெகுதூரம் போகும். எனக்கு இது உடனே புரிந்தது. மாமனார் சீராக நடந்தால் சத்தம் அடுத்த அறையோடு சரி. படியில் தடுக்கினால் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் அந்தக் கீழெண் நின்றது, மிதிக்க முடியாது. மாமனார் இலந்தைப் பழத்தைத் தின்று தீர்த்தார். பொழுது சாய்ந்ததும், யாரும் பார்க்காதபோது, மாஷிமாவின் கிச்சடியையும் தின்றார். பாத்திரம் காலியாக இருந்ததைப் பார்த்து அம்மிக்கல்லும் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் மாஷிமா தயிரும் பொரியும் படைத்து, நோட்டுகளைத் தலையில் தொட்டு ஆசீர்வாதம் பண்ணிக் கொடுத்தாள். மைக்கூட்டுப் பால் தோய்ந்துவிட்டிருந்தது. இவர் பென்சிலால் தரையைப் பார்த்து எழுத, கரி அழிந்த இடங்களை மாமனார் குனிந்து, “இங்கே ஒரு சுழி, இங்கே ஒரு வாத்துக் கழுத்து” என்று நினைவாகச் சொன்னார். இவர் பாலிகஞ்சில் வண்டியேறிப் போனார். நாள் முழுக்க நான் அந்தத் தரையைத் துடைக்கவில்லை. ஓரத்தில் கால் வைத்து நடந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் முகத்தில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கணக்கு சரி, முன்னும் பின்னும் சமம் என்று துரை ஒத்துக்கொண்டார். பிறகு போன கப்பலில் வந்த ஒரு கட்டைப் பிரித்து, பத்திரிகை ஒன்றை மேஜைமேல் வைத்தாராம். பிரெஞ்சுக்காரர் ஒருவரும் ஜெர்மன்காரர் ஒருவரும் இதையே தனித்தனியாகச் சில வருஷம் முன்னாலேயே போட்டுவிட்டார்கள் என்று அதில் இருந்ததாம்.

“கிளம்பின சேதி இப்பத்தான் கல்கத்தாவுக்கு வந்து சேந்திருக்கு” என்றார் இவர்.

“வேலை?” என்று கேட்டேன். இவரிடம்தான் கேட்டேன், ஆனால் மாமனார் காதில் விழும்படி, அம்மிக்கல்லின் உதவி இல்லாமல்.

“நிரந்தரம்.”

பிரெஞ்சுக்காரர் நன்றாக இருக்கட்டும், ஜெர்மன்காரரும் நன்றாக இருக்கட்டும். நான் வாளித் தண்ணீர் கொண்டு வந்து தரையைத் துடைத்தேன்.

குமாஸ்தா இடத்தைப் பற்றி மாமனார் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அவருக்கு ஊருக்குப் போய்த் தன் கேஸை ஜெயிக்கிற அவசரம். இவர் தமிழில் எழுதிக் கொடுத்த கணக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, போகிற வழியிலும் அதே சாமிகளைப் பார்த்துக்கொண்டே போனார். இந்தத் தடவை எங்களுக்கு மூன்று நாளைக்கு இரண்டு கார்டு வந்தது. கும்பகோணத்துக்குத் தினம் இரண்டு போயிருக்கும். இவர் ஒவ்வொன்றையும் என்னிடம் கொடுத்து முத்திரை படிக்கச் சொல்லி, சிரித்துக்கொண்டே குறித்து வைத்தார்.

அடுத்த மாசம் ஒரு காலை. கீழே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. இவர் காலேஜுக்குப் போய்விட்டாரே, யார் என்று படியில் எட்டிப் பார்த்தேன். என் மாமியார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, ரயில் புகைக்கு மூக்கில் பிடித்த கைத்துணியோடு மாமனார். கணக்கு சரியா என்று பிள்ளையையே நேரில் கேட்க மாமியார் கிளம்பி வந்திருக்கிறார். வருகிறோம் என்று மாமனார் எழுதின கார்டைத் தபால்காரன் அப்போதுதான் வாசலில் நீட்டிக்கொண்டிருந்தான்.

மாமியார் குழாயை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். மேலே என்னைப் பார்த்தார்.

“ஏண்டீ, இது நாள் முழுக்க வருமா?” என்றார்.

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம்தான் வரும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஹ்யா” என்றேன்.

நாலு மாசம் இருந்தார்.